பின் சக்கரத்தின் 36 கம்பிகள்

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. என் சைக்கிளின் பின் சக்கரத்தில் முதல் கம்பி அறுந்தது 11-க்கும் 12-க்கும் நடுவில்.

வேகமாகப் போகவில்லை. மணிக்கு ஆறு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். பள்ளத்தில் இறங்கவில்லை, கல்லில் ஏறவில்லை. இருப்பதிலேயே லேசான கியரில் போட்டு நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தில் கரண்டி பட்டதுபோல 'டிங்' என்று ஒரு சத்தம். பத்தடி போவதற்குள் ரிம் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்துவிட்டது. இறங்கிச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால், பாம்பு நெளிவதுபோல இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆடுகிறது. செயின் பக்கத்துக் கம்பி ஒன்று, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவிலேயே அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

கோவையிலிருந்து முந்தைய நாள் கிளம்பியிருந்தேன். வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடியில் இறங்கி, அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே போவதாகத் திட்டம். கூடாரம், படுக்கை, அடுப்பு, பாத்திரம், துணி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 24 கிலோ, அத்தனையும் பின் கேரியரில். நான் 76 கிலோ, சைக்கிள் 14. மொத்தம் 114 கிலோ. அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் பின் சக்கரத்தின் தலையில். அந்தச் சக்கரத்தில் இருந்தது 28 கம்பிகள். நகரத்துக்குள் வேலைக்குப் போய்வர அது தாராளமாகப் போதும். மலைக்கும் மூட்டைக்கும் போதாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாற்றுக் கம்பி என்னிடம் இருந்தது. ஆனால் செயின் பக்கத்துக் கம்பியை மாட்ட வேண்டுமென்றால் முதலில் கேசட்டை, அதாவது பின் சக்கரத்தின் கியர் பல்சக்கர அடுக்கைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவி வீட்டில் இருந்தது. பயணச் சைக்கிளில் கம்பி அறுவதென்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான், கை நுழையாத இந்தப் பக்கத்தில்தான் அறும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வலப்பக்கக் கம்பி போனால் ரிம் இடப்பக்கம் சாயும். அறுந்ததற்கு இரண்டு பக்கமும் இருந்த இடப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்தினேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. பின் பிரேக்கைத் திறந்துவிட்டுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டே ஆழியாறுக்கு இறங்கினேன். அங்கிருந்து பொள்ளாச்சி போகிற ஒரு மினி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

பொள்ளாச்சியில் அவர் இறக்கிவிட்ட இடம் ஒரு பழைய சைக்கிள் கடை வாசல். உள்ளே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். கடை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்கள். கியர் சைக்கிளை அவர் தொடுவாரா என்ற சந்தேகத்தோடுதான் நின்றேன். அவர் என் மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தனை கிலோங்க தம்பி ஏத்தியிருக்கீங்க?"

சொன்னேன். அவர் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு, கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வந்தார். அப்புறம் ஸ்போக் கீயின் முனையால் ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டார். செயின் பக்கத்தில் ஒரு கம்பி 'டிங்' என்றது. அடுத்தது 'டொங்' என்றது. இடப்பக்கத்தில் பாதிக் கம்பிகளிலிருந்து சத்தமே வரவில்லை.

"எல்லாக் கம்பியும் தூங்கீட்டு இருக்குதுங்க" என்றார்.

அறுந்த துண்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பியின் அறுந்த முகம் அது. அதில் முக்கால் பங்கு மழுங்கலாக, லேசாகப் பழுப்பேறி இருந்தது. ஓரத்தில் மட்டும் பிறை வடிவத்தில் சின்னதாக ஒரு பளபளப்பு.

"பளபளன்னு இருக்கறது மட்டுந்தான் இன்னைக்கு அறுந்ததுங்க. மத்ததெல்லாம் ரொம்ப நாளா அறுந்துட்டே இருந்திருக்குது."

சக்கரங்களைப் பற்றி அதற்குப் பின் எத்தனையோ படித்திருக்கிறேன். எல்லாமே அந்தப் பிறைக்கு விளக்கம்தான்.

சக்கரத்தின் மீது பாரம் ஏறும்போது என்ன நடக்கிறது? ஹப் மேலேயுள்ள கம்பிகளில் தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. சக்கரம் கட்டும்போதே எல்லாக் கம்பிகளும் இழுத்து முறுக்கப்பட்டிருக்கின்றன. பாரம் ஏறியதும் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள நாலைந்து கம்பிகளில் அந்த இறுக்கம் குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பியும் கீழே வரும்போது ஒருமுறை தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. 37 மில்லிமீட்டர் டயர் போட்ட 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 450-க்கும் மேற்பட்ட சுற்றுகள். ஆயிரம் கிலோமீட்டர் போனால் ஒரே கம்பி நாலரை லட்சம் முறை தளர்ந்து இறுகியிருக்கும்.

இரும்பு ஒரே இழுப்பில் அறுந்து போகிற பொருள் அல்ல. இப்படி லட்சக்கணக்கான முறை ஆடி ஆடித்தான் ஓய்ந்து போகிறது. ஒரு கம்பியில் இறுக்கம் போதுமான அளவு இருந்தால், கீழே வரும்போது கொஞ்சம் குறைந்தாலும் மிச்சம் இருக்கும். இறுக்கம் போதாவிட்டால் கீழே வரும்போது அது முழுக்கத் தொய்ந்துவிடும். ஹப்பின் துளைக்குள் அதன் வளைந்த கழுத்து அசையும். அந்த அசைவில் ஒரு மயிரிழை விரிசல் தொடங்கும். கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் சின்ன மரையான நிப்பிளும் மெல்லத் தளர்ந்துகொண்டே போகும். ஆக, கம்பி அறுவதற்குக் காரணம் அநேகமாக அதிக இறுக்கம் அல்ல, இறுக்கக் குறைவு. கயிற்றுக் கட்டில் வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கயிறு இழுத்துக் கட்டியிருக்கும் வரை பத்துப் பேர் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது. தொய்ந்த பிறகுதான் சட்டத்தில் உரசி நைய ஆரம்பிக்கும்.

பெரியவரிடம் என் அளவுக்குக் கம்பி இல்லை. என்னிடமிருந்த மாற்றுக் கம்பி இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் நீளம். கேசட்டைக் கழற்ற, பக்கத்துத் தெருவில் கியர் சைக்கிள் பார்க்கும் ஒரு பையனிடம் ஆள் அனுப்பிக் கருவி வாங்கி வரச் செய்தார். கம்பியை மாட்டி, நிப்பிளைத் தாண்டி ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனையை டியூபைக் குத்தாதபடி அரத்தால் ராவி எடுத்தார். பிறகு கோட்டம் எடுக்க உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. முதலில் எல்லா நிப்பிளுக்கும் கால் சுற்று, மறுபடி எல்லாவற்றுக்கும் கால் சுற்று, அதன் பிறகுதான் ஆட்டம் பார்த்தார். ஆட்டத்தை மட்டும் பார்த்து அங்கங்கே திருகுகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அப்படித் திருகினால் சக்கரம் நேராகச் சுற்றும். ஆனால் ஒரு கம்பி இறுக்கமாகவும் அடுத்தது தொய்வாகவும் இருக்கும். கண்ணுக்கு நேராகத் தெரிவதும் பலமாக இருப்பதும் ஒன்றல்ல.

அந்தப் பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். திரும்பியதும் செய்த முதல் வேலை, அப்பாவின் பழைய சைக்கிளின் கம்பிகளை எண்ணியது. முன்னால் 32, பின்னால் 40.

இது பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் சைக்கிள்களின் பழைய கணக்கு. பாரம் அதிகம் விழும் பின் சக்கரத்துக்கு எட்டுக் கம்பி கூடுதல். 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பிலிப்ஸும் தயாரான காலத்திலும் இந்தக் கணக்கு கூடவே வந்தது. நம்மூரில் இன்றும் 28 அங்குல ரிம் வாங்கப் போனால் "முன்னாடிக்கா, பின்னாடிக்கா?" என்று கேட்பார்கள். துளை எண்ணிக்கை வேறு என்பதால்தான் அந்தக் கேள்வி. என் அப்பா 75 கிலோ அரிசி மூட்டையை அதில் வைத்து உருட்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பால் கேன்கள், எரிவாயு சிலிண்டர், தேங்காய், ஐஸ் பெட்டி என்று இந்த ஊரின் பாதிப் பாரத்தை அந்த 40 கம்பிகள்தான் சுமந்தன. 1954-ல் தியன் பியன் பூ போருக்கு வியட்நாமியர்கள் சைக்கிள்களில் அரிசியும் குண்டும் கொண்டுபோனார்கள். ஹேண்டில் பாரில் மூங்கில் கட்டி, ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒரு சைக்கிளுக்கு 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றியிருக்கிறார்கள்.

அந்தப் பழைய சக்கரத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. கம்பி எண்ணிக்கையை விட அது முக்கியமானது என்று இப்போது நினைக்கிறேன். அதில் ஒரே ஒரு ஃப்ரீவீல் பல்சக்கரம். அதனால் ஹப்பின் இரண்டு பக்க விளிம்புகளும் நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும். இரண்டு பக்கக் கம்பிகளும் ஒரே மாதிரிச் சாய்ந்து, ஒரே அளவு இறுக்கத்தோடு ரிம்மைப் பிடித்திருக்கும். கூடாரத்தை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டியதுபோல. கியர் சைக்கிளில் எட்டு, ஒன்பது, பத்துப் பல்சக்கரங்கள் வலப்பக்கத்தில் உட்கார இடம் கேட்கின்றன. வலப்பக்க விளிம்பு உள்ளே தள்ளப்படுகிறது. அந்தப் பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கின்றன, இடப்பக்கக் கம்பிகள் நன்றாகச் சாய்ந்திருக்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் வலப்பக்கத்தை ஏறக்குறைய இரண்டு மடங்கு இறுக்கமாக இழுக்க வேண்டும். விளைவு, வலப்பக்கம் எப்போதும் முறுக்கேறி நிற்கிறது, இடப்பக்கம் சீக்கிரம் தொய்கிறது. மலை ஏறும்போது மிதிக்கும் விசையும் வலப்பக்கக் கம்பிகளைத்தான் பிடித்து இழுக்கிறது. 11-வது வளைவில் நடந்தது இதுதான்.

ஹெய்ன்ஸ் ஸ்டூக்கே என்ற ஜெர்மானியர் 1962-ல் வீட்டை விட்டுக் கிளம்பி, ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளிலேயே உலகைச் சுற்றியவர். அவருடைய சைக்கிள் 25 கிலோ எடையுள்ள, ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் கொண்ட சாதாரண இரும்புச் சைக்கிள். ஹப் கியர் என்றால் இந்தச் சாய்வுப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. இன்று நெடும்பயணக்காரர்கள் பலர் ரோலாஃப் என்ற 14 கியர் ஹப்புக்கு ஏன் அவ்வளவு செலவு செய்கிறார்கள் என்பதற்கும் இது ஒரு காரணம். அதில் இரண்டு பக்கமும் சமம். எனக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. கேசட்டோடுதான் வாழ வேண்டும் என்று முடிவு செய்து, இருக்கிற சமமின்மையை எப்படிக் குறைப்பது என்று பார்த்தேன்.

ரிம் பிரேக் பந்தயச் சைக்கிள் ஹப்பின் அகலம் 130 மில்லிமீட்டர். மலைச் சைக்கிள் ஹப் பல காலம் 135. இந்த ஐந்து மில்லிமீட்டரில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் குறைகிறது. ஃபிரேம் 135 ஏற்கும் என்றால் அதையே எடுங்கள். நான் எடுத்தது ஷிமானோ டியோரே, 36 துளை. கோனும் பால்ரஸும் போட்ட ஹப். பின்னால் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குல பால்ரஸ், அவ்வளவுதான் உள்ளே இருப்பது. எந்தக் கிராமத்துக் கடையிலும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து ஓவராயில் பண்ணிக் கொடுப்பார்கள். அடைத்த பேரிங் போட்ட ஹப்கள் நன்றாக உருளும், சந்தேகமில்லை. கெட்டுப்போனால் அதே எண் பேரிங்கைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஃப்ரீவீலைத் திருகி மாட்டும் பழைய வகை கியர் ஹப்பை மட்டும் பாரத்துக்கு எடுக்காதீர்கள். விலை குறைவாக இருக்கும். ஆனால் அதில் வலப்பக்கத்துப் பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருப்பதால், ஆக்சிலின் ஒரு நீளமான முனை தாங்குதல் இல்லாமல் நிற்கும். பாரம் ஏற ஏற அது வளையும், ஒருநாள் முறியும். பேரிங்கை ஓரத்துக்குக் கொண்டுவந்ததுதான் ஃப்ரீஹப், அதாவது கேசட் மாட்டும் வகை ஹப் செய்த பெரிய உபகாரம்.

36 துளை ரிம் தேடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. கடைகளில் 32 கிடைக்கிறது, 28 கிடைக்கிறது, 24-கூட அழகழகாகத் தொங்குகிறது. 36 கேட்டால் யோசிக்கிறார்கள். கடைசியில் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். இரட்டைச் சுவர் ரிம், துளைகளில் எஃகு வளையம் பதித்தது, உள் அகலம் 21 மில்லிமீட்டர். 32 போதாதா என்று கேட்கலாம். நன்றாகக் கட்டிய 32, அரைகுறையாகக் கட்டிய 36-ஐ விட எவ்வளவோ மேல். 36-ன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று அறுந்தாலும் மிச்சம் 35 இருக்கும், ரிம் கொஞ்சம்தான் ஆடும், அடுத்த ஊர்வரை மிதித்தே போய்விடலாம். 28-ல் ஒன்று போனால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

சக்கர அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. நம்முடைய ரோட்ஸ்டர் சைக்கிளின் 28 அங்குலமும், கியர் சைக்கிள் டயர்களில் அச்சிட்டிருக்கும் 28 அங்குலமும் ஒன்றல்ல. நம்முடையது 635 மில்லிமீட்டர் ரிம், அவர்களுடையது, அதாவது 700சி, 622. நடுவில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். கிராமத்துக் கடையில் 28 கேட்டு வாங்கினால் அது 700சி ரிம்மில் தொளதொளவென்று நிற்கும். 26 அங்குலத்திலும் இதே கதை. ரேஞ்சர் சைக்கிளின் தடித்த டயர் 559, பெண்கள் சைக்கிளில் வரும் மெல்லிய 26 x 1⅜ டயர் 590. அங்குலத்தை நம்பாமல், டயரின் பக்கச் சுவரில் பொடி எழுத்தில் இருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். உள்நாட்டுக் கிராமங்களுக்குள்ளேயே சுற்றப் போகிறவர் என்றால் 559 சக்கரம் அருமையான தேர்வு. கம்பிகள் குட்டை, சக்கரம் இயல்பாகவே பலம், டயரும் டியூபும் எந்த ஊர்ச் சந்தையிலும் தொங்கும். என் ஃபிரேம் 622-க்கு ஆனது, அதனால் எனக்கு வேறு வழியில்லை. மாற்று டயர் ஒன்றை மடித்துக் கட்டி எடுத்துப் போகிறேன்.

கம்பிக்கு வருவோம். தடித்த கம்பிதான் பலம் என்று யாருக்கும் தோன்றும். இதற்காகவே சிலர் நம்மூர்த் தடிக் கம்பியைக் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். நல்ல பயணச் சக்கரத்தில் பார்த்தால் கம்பியின் இரண்டு முனைகளும் 2 மில்லிமீட்டர், நடு உடம்பு 1.8 மில்லிமீட்டர் என்று இளைத்திருக்கும். டி.டி. ஸ்விஸ், சாபிம் இரண்டு கம்பெனிகளும் இந்த வகையைச் செய்கின்றன. இளைத்த இடம் ரப்பர்போலக் கொஞ்சம் கூடுதலாக நீளும். அப்படி நீண்டு நிற்பதால், பாரம் வந்து ரிம் சற்றே அமுங்கினாலும் கம்பியில் இறுக்கம் முழுதாகப் போய்விடாது. அறுகிற இடமான கழுத்திலும் நிப்பிள் மரையிலும் மட்டும் தடிமன் குறையாமல் இருக்கும். இந்தக் கணக்கு எனக்குப் புரிய நாளாயிற்று. புரிந்த அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நிப்பிள் பித்தளை. அலுமினிய நிப்பிள் எடை குறைவு, ஆனால் நம் கடற்கரைக் காற்றில் ரிம்மோடு ஒட்டிக்கொண்டு, திருகும்போது உடைந்து வரும்.

சக்கரத்தை நானே கட்டினேன். இரண்டு பழைய கம்பிகளை எதிரெதிர்த் துளைகளில் விட்டு, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து ரிம்மின் விட்டத்தைக் கணக்கிட்டேன். வலப்பக்கத்துக்கு 290, இடப்பக்கத்துக்கு 292 மில்லிமீட்டர் நீளக் கம்பிகள் வந்தன. ஒரு கம்பி மூன்று கம்பிகளைக் கடந்து போகும் பின்னல். மூன்றாவது கம்பியைத் தாண்டும்போது அதன் அடியில் நுழைந்து போக வேண்டும். முதல் தடவை ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டு, வால்டியூப் துளைக்கு நேரே கம்பிகள் நெருங்கி நின்று பம்பு நுழையாமல் போனதால் முழுக்கப் பிரித்து மறுபடி கோத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. மாலையில் வலப்பக்கம் 115 கிலோ விசை, இடப்பக்கம் 65 என்று அளவுமானி காட்டியது. சக்கரம் அரை மில்லிமீட்டருக்குள் நேராகச் சுற்றியது.

ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனேன்.

பெரியவர் அதைத் தட்டிக் கேட்டார். ஒரே சுதியில் இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு மடியில் போட்டு, பக்கவாட்டில் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். 'டக், டக்' என்று உள்ளே எதோ முறிவதுபோலச் சத்தம். எனக்கு மனசு பதறியது. ஒரு முழுச் சுற்று முடித்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். நேராக நின்ற சக்கரம் மறுபடி ஆடியது.

"இப்பத்தானுங்க கம்பி உக்காந்திருக்குது. இனி எடுங்க கோட்டத்தை."

அந்தச் சத்தத்தில் ஒரு பாதி, முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் பழைய நிலைக்குத் திரும்பும் சத்தம். நிப்பிளைத் திருகும்போது கம்பியும் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அப்படியே விட்டால் முதல் நாள் ஓட்டத்தில் அது அவிழ்ந்து, சக்கரம் கோணும். இன்னொரு பாதி, கம்பியின் கழுத்து ஹப்பின் விளிம்போடு ஒட்டிப் படிவது. அமுக்கும் அந்த நொடியில் இறுக்கம் வழக்கத்தை விட மிக அதிகமாக ஏறுகிறது. கம்பியை வளைத்துச் செய்தபோதே கழுத்தில் தங்கிவிட்ட அழுத்தம் அதில் விட்டுப்போகிறது. விரிசல் தொடங்குகிற இடமும் அந்தக் கழுத்துதான். இந்த அமுக்கு வேலையைச் செய்யாமல் விட்ட சக்கரமும் செய்த சக்கரமும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆறு மாதம் கழித்து மலைமேல் தெரியும். அமுக்கி, நேர்செய்து, மறுபடி அமுக்கி, சக்கரம் ஆடாமல் நிற்கும்வரை நாலு சுற்று ஆனது. பயணத்துக்காகச் சக்கரம் கட்டச் சொல்லும் யாரும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: கம்பிகளை அமுக்கி எடுப்பீர்களா? என்ன கேட்கிறீர்கள் என்றே அவருக்குப் புரியாவிட்டால், வேறு கடை பாருங்கள்.

புதுச் சக்கரத்துக்குப் பணம் இல்லாதவர்கள் இதற்குள் சலித்திருக்கலாம். அவர்களுக்கு இரண்டு விஷயம். ஃபிரேமில் இடம் இருக்கும் வரை தடிமனான டயர் போடுங்கள். நான் 32 மில்லிமீட்டர் டயரில் 80 பி.எஸ்.ஐ. காற்றடித்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தின் அடி அப்படியே ரிம்முக்கும் கம்பிக்கும் போனது. இப்போது 42 மில்லிமீட்டர், காற்று பின்னால் 50, முன்னால் 40. டயர்தான் முதல் ஸ்பிரிங், அது வாங்கிக்கொள்ளும் அடி கம்பிக்குப் போகாது. அப்புறம், மூட்டை அத்தனையையும் பின்னால் கட்டாதீர்கள். முன் சக்கரத்தில் கேசட் இல்லை, அதன் கம்பிகள் இரண்டு பக்கமும் சமமாக நிற்கின்றன, இருக்கிற சக்கரங்களில் பலமானது அதுதான். அதை வேலை வாங்காமல் விடுவது நியாயமில்லை. தண்ணீர், அரிசி, அடுப்பு என்று கனமானவற்றில் ஒரு எட்டுக் கிலோவை முன் கேரியரில் தாழ்வாகக் கட்டினேன். பின் சக்கரம் லேசானது ஏற்றத்தில் உடனே தெரிந்தது. கைக்கு ஒருநாள் பழக வேண்டியிருந்தது. இருக்கிற சக்கரத்தை ஒரு நல்ல கையில் கொடுத்து, எல்லாக் கம்பியையும் சம இறுக்கத்துக்குக் கொண்டுவந்து அமுக்கி எடுத்தாலே அதன் ஆயுள் கூடும். அதற்கு ஒன்றிரண்டு மணி நேரக் கூலிதான் செலவு.

ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் ரிம்மின் பக்கச் சுவரை மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் மலை இறங்கும்போது பிரேக் கட்டையில் ஒட்டும் மணல் அந்தச் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். தட்டாக இருந்த சுவர் கிண்ணம்போலக் குழிந்திருந்தால் ரிம்மின் காலம் முடிந்தது. எவ்வளவு கம்பி போட்டும் பயனில்லை, காற்றழுத்தத்திலேயே அது பிளக்கும்.

இப்போது என் சைக்கிளில் ஃபிரேமின் இடப்பக்கக் கீழ்க் குழாயோடு ஆறு கம்பிகள் டேப் போட்டு ஒட்டியிருக்கின்றன. வலப்பக்க நீளத்தில் மூன்று, இடப்பக்கத்தில் ஒன்று, முன்னுக்கு இரண்டு. கேசட்டைக் கழற்றும் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றும், ஸ்போக் கீயும், நாலு நிப்பிளும் சீட்டுக்கு அடியில் உள்ள பையில். அந்தச் சக்கரத்தில் கொல்லிமலையின் 70 வளைவுகளை ஏறி இறங்கிவிட்டேன். தனுஷ்கோடி முனைவரை போய் உப்புக் காற்றில் நின்றுவிட்டு வந்தேன். வால்பாறை வழியாகச் சாலக்குடிக்கும் போய்ச் சேர்ந்தேன். ஆழியாறிலிருந்து ஏறும்போது 11-வது வளைவில் நிற்காமல் மிதித்து, ஒன்பதைத் தாண்டியதிலிருந்தே காதைப் பின் சக்கரத்தில் வைத்திருந்தேன். 8,000 கிலோமீட்டர் ஆகிறது. அந்த ஆறு கம்பிகளையும் இன்னும் பிரிக்கவில்லை.

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் போனபோது சக்கரத்தைக் கழற்றிப் பெரியவர் மடியில் வைத்தேன். கீயின் முனையால் தட்டிக்கொண்டே வந்தவர், இடப்பக்கத்தில் ஒரு கம்பியில் நின்றார். மறுபடி தட்டினார். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கால் சுற்று கொடுத்துவிட்டு, பக்கத்தில் உள்ளதோடு சேர்த்துத் தட்டிக் காட்டினார். இப்போது இரண்டும் ஒரே சத்தம்.

"முன் சக்கரத்தையும் கழட்டுங்க" என்றார்.